மாங்குளம் சந்தியில் இறங்கும் புதிய தாதி: நிற்பதா, போவதா?

ஏ9 வீதியால் பயணஞ் செய்பவர்களிற் பலருக்கு மாங்குளம் என்பது தேநீர் அருந்துவதற்காகப் பேருந்து நிறுத்தப்படும் ஒரு சந்தி மாத்திரமே. கிழக்கே ஒட்டுசுட்டான் ஊடாக முல்லைத்தீவுக்கும், மேற்கே மல்லாவி, துணுக்காய்ப் பக்கமாகவும் வீதிகள் பிரிகின்ற இவ்விடம் கிளிநொச்சியிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றரிலும், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய இரு நகரங்களிலிருந்தும் ஏறத்தாழ 50 கிலோமீற்றரிலும் அமைந்துள்ளது. வடமாகாணத்தின் நடுவே கிடப்பதனால் இதனை மாகாணத்தின் தலைநகராக்க வேண்டும் என்ற யோசனையும் ஒரு காலத்தில் முன்வைக்கப்பட்டது. யோசனை யோசனையாகவே இருக்கின்றது. ஆனால் அச்சந்தியில் கையில் ஒரு பயணப் பையுடனும் நியமனக் கடிதத்துடனும் இறங்குகின்ற இளம் தாதியர் ஒவ்வொரு வருடமும் வந்து கொண்டுதானிருக்கின்றனர். அவர்களுள் எத்தனை பேர் நிற்கின்றனர், எத்தனை பேர் முதலாவது இடமாற்ற விண்ணப்பத்துடன் புறப்பட்டு விடுகின்றனர், ஏன் அவ்வாறு நடக்கின்றது என்பதைப் பற்றி நமது பத்திரிகைகளில் அதிகம் எழுதப்படுவதில்லை. வைத்தியர் இல்லை என்றால் செய்தி வருகின்றது. தாதி இல்லை என்றால் அது நோயாளிக்கும் அவரது உறவினருக்கும் மாத்திரமே தெரிகின்ற விடயமாகி விடுகின்றது.

அரசாங்க வைத்தியசாலையொன்றில் தாதிய உத்தியோகத்தராக வருவதற்கான பாதை நீண்டது. க.பொ.த. உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்களில் சித்தி பெற்றிருக்க வேண்டும். வர்த்தமானி அறிவித்தல் வரும்வரை காத்திருக்க வேண்டும். நேர்முகப் பரீட்சை, வைத்திய பரிசோதனை எனப் பல படிகளைக் கடந்த பின்னரே தாதியர் பயிற்சிக் கல்லூரியில் 3 வருடப் பயிற்சி ஆரம்பமாகின்றது. வன்னிப் பிள்ளையொருவர் பெரும்பாலும் வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ பயில நேர்கின்றது. பல்கலைக்கழகங்களின் தாதியர் பட்டப்படிப்பு இதற்குப் புறம்பான இன்னொரு வழியாகும்.

இங்கேயே முதலாவது சிக்கல் தொடங்குகின்றது. துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ உள்ள ஒரு பாடசாலையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு நடைபெறுவதற்கு இரசாயனவியலுக்கும் பௌதிகவியலுக்கும் ஆசிரியர் வேண்டும், ஆய்வுகூடம் வேண்டும். இவை இல்லாத இடத்துப் பிள்ளை கலைப் பிரிவுக்குப் போகின்றது. அதன் விளைவு 5 வருடங்களின் பின்னர் வைத்தியசாலையில் தெரிகின்றது. வன்னியிலே பிறந்து வன்னியிலே வேலை செய்ய விரும்பக்கூடிய பிள்ளைகள் பயிற்சிக் கல்லூரியின் வாசலுக்கே வருவதில்லை. அங்கு வருபவர்களிற் பலர் வேறு ஊர்களைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு மாங்குளம் ஒரு தற்காலிகத் தங்குமிடம். தாதியர் பற்றாக்குறை என்பது சுகாதார அமைச்சில் மாத்திரமன்றிக் கல்வி வலயத்திலும் உருவாகின்றது என்பதை நாம் பொதுவாகக் கவனிப்பதில்லை.

சரி, பயிற்சிக்குத் தெரிவு செய்யப்பட்டாயிற்று. வீட்டில் மகிழ்ச்சி. அரசாங்க உத்தியோகம், ஓய்வூதியம், வெள்ளைச் சீருடை. ஆனால் விடுதியிலே முதன்முதலாகக் காலடி வைக்கின்ற பயிலுநருக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாத சில விடயங்கள் காத்திருக்கின்றன. உடற்கூற்றியல் வகுப்பில் படித்த உடலும் கட்டிலிற் கிடக்கின்ற உடலும் ஒன்றல்ல. முதல் நாளில் மலசல பாத்திரம் எடுக்க வேண்டியிருக்கும். சீழ் வடிகின்ற புண்ணின் மணம் சாப்பாட்டு நேரத்திலும் மூக்கை விட்டுப் போகாது. தகப்பனின் வயதுடைய ஆண் ஒருவரை உடல் துடைத்து விட வேண்டியிருக்கும். அவர் வெட்கத்தினால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக் கொள்வார். காலையில் "மிஸ்ஸி, எனக்கு இண்டைக்குக் கொஞ்சம் சுகம்" என்று சொன்ன அம்மா மாலைக் கடமைக்கு வரும்போது கட்டிலில் இருக்க மாட்டார். இவையெல்லாம் 20, 21 வயதிலே நடக்கின்றன.

இதற்கு மேலாக, பாடத்திற்கும் விடுதிக்கும் இடையிலுள்ள தூரம் இருக்கின்றது. கையுறை மாற்றும் முறை, கிருமி நீக்கும் முறை, நோயாளியுடன் ஆறுதலாக இருந்து உரையாட வேண்டிய அவசியம் என்று கல்லூரியில் கற்பிக்கப்பட்டதெல்லாம், ஒருவர் பலரைப் பார்க்க வேண்டிய இரவுக் கடமையில் சாத்தியமாவதில்லை. "அதெல்லாம் புத்தகத்திலை, இஞ்சை வேலையை முடி பிள்ளை" என்று மூத்தவர் ஒருவர் சொல்லும்போது, தான் கற்றது பொய்யா அல்லது தான் வந்த இடம் பிழையா என்ற குழப்பம் ஏற்படுகின்றது.

இந்தக் குழப்பத்திற்கு உலகில் ஒரு பெயர் உண்டு. அமெரிக்கத் தாதியர் ஆய்வாளர் மார்லின் கிரேமர் 1974 இல் வெளியிட்ட நூலில் இதனை 'யதார்த்த அதிர்ச்சி' என்று அழைத்தார். புதிய தாதி முதலில் எல்லாவற்றையும் அழகாகவே காண்கின்றார்; பின்னர் அதிர்ச்சியும் கோபமும் வருகின்றன; அதன் பின்னர் மெல்ல மீளத் தொடங்குகின்றார்; இறுதியில் ஏதோ ஒரு முடிவுக்கு வருகின்றார். அந்த முடிவு தொழிலை விட்டு விலகுவதாக இருக்கலாம், உணர்வை இழந்து இயந்திரமாக மாறுவதாக இருக்கலாம், அல்லது கற்ற நெறியையும் விடுதியின் நெருக்கடியையும் பொருத்திக் கொள்ளப் பழகுவதாக இருக்கலாம். இவற்றுள் இரண்டாவதே ஆகக் கூடுதலான தீங்கைத் தருவது என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம். விலகிச் சென்றவரின் இடத்திற்கு இன்னொருவர் வரலாம். மனம் மரத்துப்போனவர் 30 வருடங்கள் அங்கேயே இருப்பார்.

இதற்கும் முன்னர், 1960 இல், இசபெல் மென்சீஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் இலண்டனிலுள்ள ஒரு போதனா வைத்தியசாலையைப் பற்றி எழுதிய ஆய்வு இன்றும் வாசிக்கத்தக்கது. அங்கு பயிலுநர் தாதியரில் மூன்றில் ஒரு பங்கினர் பயிற்சியை முடிக்காமலே விலகிக் கொண்டிருந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் தாமாகவே விரும்பிச் சென்றவர்கள். மென்சீஸ் கண்டது யாதெனில், நோயும் மரணமும் தருகின்ற மனப்பதற்றத்தைத் தாங்குவதற்காக வைத்தியசாலை தன்னையறியாமலே சில பழக்கங்களை ஏற்படுத்திக் கொண்டிருந்தது என்பதாகும். ஒரு தாதி ஒரு நோயாளியை முழுமையாகக் கவனிக்காமல், எல்லா நோயாளிகளுக்கும் ஒரே ஒரு வேலையை மாத்திரம் செய்துகொண்டு போவார். நோயாளி பெயரால் அன்றிக் கட்டில் எண்ணாலும் நோயினாலும் குறிக்கப்படுவார். பயிலுநர் ஒரு விடுதியிலிருந்து இன்னொரு விடுதிக்கு அடிக்கடி மாற்றப்படுவார். இவை மனத்தைப் பாதுகாக்கும் என்று நம்பப்பட்டது. நடந்ததோ வேறு. மனிதரைக் கவனிப்பதற்காகவே இத்தொழிலுக்கு வந்த பிள்ளைகளுக்கு அந்தத் திருப்தியே கிடைக்காமற் போயிற்று. விலகியவர்களுள் திறமையானவர்களும் கணிசமாக இருந்தனர். நமது வைத்தியசாலை விடுதிகளில் "ஏழாம் கட்டில்" என்று நோயாளி அழைக்கப்படுவதைக் கேட்டவர்களுக்கு இவ்வாய்வு அந்நியமாகத் தோன்றாது.

ஆகவே, 'இந்தப் பிள்ளைக்குத் தைரியம் போதாது, அதுதான் விட்டுவிட்டு வந்தது' என்று ஊரில் பேசப்படுவது பெரும்பாலும் அரைகுறைக் கணிப்பேயாகும். விலகுவதற்கான காரணத்தில் ஒரு பாதி பிள்ளையிடமும் மற்றப் பாதி விடுதியிடமும் இருக்கின்றது.

இனி மாங்குளத்திற்கே உரிய விடயத்துக்கு வருவோம். இந்நகரம் 1990 நவம்பரில் இராணுவத்திடமிருந்து விடுதலைப் புலிகளின் கைக்கும், 1998 செப்டெம்பரில் மீண்டும் இராணுவத்தின் கைக்கும், 1999 நவம்பரில் புலிகளிடமும், 2008 நவம்பரில் இராணுவத்திடமும் மாறியது. நான்கு தடவைகள் கைமாறிய ஊரில் கட்டடங்கள் எவ்வாறு இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மக்கள் திரும்பி வந்தார்கள், 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி வரை புகையிரதமும் மீண்டும் ஓடத் தொடங்கியது, வைத்தியசாலையும் எழுந்தது. 2024 இல் நெதர்லாந்தின் உதவியுடன் மாங்குளம் ஆதார வைத்தியசாலையில் புனர்வாழ்வு மருத்துவத்துக்கான ஒரு பிரிவு திறந்து வைக்கப்பட்டது. அதே உதவித் திட்டத்தின் கீழ் கிளிநொச்சியில் பெண்களுக்கான சிகிச்சை நிலையம் அமைக்கப்பட்டது.

புனர்வாழ்வு என்ற சொல் நமது நாட்டில் 2009 இன் பின்னர் வேறொரு பொருளைப் பெற்று விட்டது. இங்கே அது மருத்துவச் சொல்லாகும். முள்ளந்தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்கள், அவயவம் இழந்தவர்கள், பக்கவாதத்தினால் விழுந்தவர்கள், வீதி விபத்தில் தலையில் அடிபட்டவர்கள் ஆகியோரை மீண்டும் இயன்றளவு தம் காரியங்களைத் தாமே செய்யும் நிலைக்குக் கொண்டுவருவதே அதன் பணி. வன்னியில் இத்தகைய பிரிவு ஏன் வேண்டும் என்று விளக்கத் தேவையில்லை. எறிகணைச் சிதறலோ துப்பாக்கிச் சன்னமோ முள்ளந்தண்டில் பாய்ந்து இடுப்பின் கீழ் உணர்வற்றுப் போனவர்கள் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். வன்னியில் இயங்கும் உயிரிழை என்ற அமைப்பு அவ்வாறானவர்களே ஒன்றிணைந்து நடத்துவதாகும். போர் முடிந்த பின்னரும் மரத்திலிருந்து விழுவதாலும் மோட்டார் சைக்கிள் விபத்துகளாலும் புதியவர்கள் சேர்ந்து கொண்டேயிருக்கின்றனர்.

இவ்வகை நோயாளியைக் காப்பாற்றுவது வைத்தியரின் கத்தியை விடத் தாதியின் கையே எனலாம். இது வெறும் புகழ்ச்சியன்று. அதன் பொறிமுறை பின்வருமாறு. உணர்வு இல்லாத உடல், ஒரே பக்கமாக நெடுநேரம் கிடக்கும்போது நோவை உணர்ந்து திரும்பிப் படுப்பதில்லை. எலும்பு துருத்தி நிற்கும் இடங்களில், அதாவது குண்டியின் மேற்புறம், இடுப்பு, குதிக்கால் ஆகியவற்றில், தோலுக்கு இரத்தம் செல்வது தடைப்பட்டு, சில மணித்தியாலங்களிலேயே தசை இறக்கத் தொடங்குகின்றது. முதலில் சிவந்த ஓர் அடையாளம் மாத்திரமே தெரியும். அதைக் கவனிக்காவிட்டால் எலும்பு வரை செல்கின்ற படுக்கைப் புண்ணாகி, அதிலிருந்து கிருமி இரத்தத்தில் கலந்து மரணம் நேரலாம். இதைத் தடுப்பதற்கு விலையுயர்ந்த மருந்து எதுவுமில்லை. இரவும் பகலும் 2 மணித்தியாலத்திற்கு ஒரு முறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் தோலைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று சிறுநீர். குழாய் அடைபட்டுச் சிறுநீர்ப்பை நிரம்பினால், மார்புப் பகுதியின் 6ஆவது மட்டத்திலோ அதற்கு மேலோ முள்ளந்தண்டுவடம் பாதிக்கப்பட்டவருக்கு இரத்த அழுத்தம் திடீரென ஆபத்தான அளவுக்கு ஏறும். அவர் தலை பிளக்கின்றது என்பார். முகம் சிவந்து வியர்க்கும். தெரியாதவர் தலையிடிக் குளிசை கொடுத்துவிட்டுப் போய்விடுவார். தெரிந்த தாதி உடனே அவரை நிமிர்த்தி இருத்தி, இறுக்கமான உடையைத் தளர்த்தி, குழாய் எங்கே மடிந்திருக்கின்றது என்று தேடுவார். குழாயின் மடிப்பை நிமிர்த்தியதும் சில நிமிடங்களில் அழுத்தம் இறங்கத் தொடங்கும். ஒரு மடிந்த குழாய்க்கும் மூளையில் இரத்தக் கசிவுக்கும் இடையில் நிற்பது அந்த அறிவு மாத்திரமே. விடுதியில் ஒருவராவது இதை அறிந்தவராக ஒவ்வொரு கடமை நேரத்திலும் இருக்க வேண்டும் என்பதுதான் விடயம். புதிதாக வந்தவர் ஆறு மாதத்தில் இதைக் கற்று, பன்னிரண்டாவது மாதத்தில் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டால், அடுத்தவர் மீண்டும் தொடக்கத்திலிருந்து கற்க வேண்டும். அக்கற்றலின் விலையைக் கொடுப்பவர் கட்டிலில் கிடப்பவராவார்.

வரலாற்றிலும் இதற்குச் சான்றுண்டு. முதலாம் உலகப் போர்க் காலத்தில் முள்ளந்தண்டு காயமுற்றவர்களிற் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்க் கிருமித் தொற்றாலும் இறந்தனர். அவர்களைக் காப்பாற்றவே முடியாது என்றுதான் மருத்துவ உலகம் நம்பியிருந்தது. நாஸி ஜேர்மனியிலிருந்து 1939 இல் தப்பி வந்த யூத வைத்தியர் லுட்விக் குட்மன், 1944 இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலையில் ஒரு பிரிவை ஆரம்பித்தபோது செய்த முதற்காரியம், நோயாளர்களை 2 மணித்தியாலத்திற்கு ஒரு முறை திருப்ப வேண்டும் என்ற ஒழுங்கை நிலைநாட்டியதாகும். இரவில் தாமே விடுதிக்கு வந்து அது நடக்கின்றதா என்று பார்ப்பாராம். 1948 இல் அவர் அங்கு சக்கர நாற்காலியில் இருந்தவர்களுக்காக நடத்திய விளையாட்டுப் போட்டியிலிருந்தே இன்றைய பராலிம்பிக் வளர்ந்தது. பதக்கம் அணிந்தவர்களின் படங்களைப் பார்க்கும்போது, இரவு 2 மணிக்கு நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்த, பெயர் பதியப்படாத தாதியரையும் இக்கட்டுரையாளருக்கு நினைவு வருவதுண்டு.

பெயர் பதியப்படாதவர்கள் என்று சொல்லும்போது நம் மண்ணின் நினைவும் தவிர்க்க முடியாதது. 2009 பெப்ரவரி தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை மீண்டும் மீண்டும் எறிகணை வீச்சுக்குள்ளானதையும், அப்போது அங்கே 500 இற்கும் மேற்பட்ட நோயாளர் இருந்ததையும் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு உலகுக்கு அறிவித்தது. பின்னர் புதுமாத்தளனில் பாடசாலைக் கட்டடத்திலும் மர நிழலிலுமாக வைத்தியசாலை நடந்தது. பெப்ரவரி 10 தொடக்கம் மே 9 வரை ஏறத்தாழ 14,000 நோயாளரையும் அவர்தம் பராமரிப்பாளரையும் அக்குழு கடல் வழியாகக் கொண்டு சென்றது. முதலில் திருகோணமலையிலும் பின்னர் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் புல்மோட்டையிலும் அவர்கள் கரையிறக்கப்பட்டனர். அங்கே கடமையாற்றிய அரச வைத்தியர்களின் பெயர்கள் உலக ஊடகங்களில் வெளிவந்தன; அது நியாயமானதே. அவர்களுடன் நின்று சேலைன் போத்தலை மரக்கிளையில் கட்டியவர்களும் காயத்துக்கு மருந்து கட்டியவர்களும், தாதியர், தொண்டர், சிற்றூழியர் என்ற பொதுப் பெயரால் மாத்திரமே அறியப்படுகின்றனர்.

இதனை நினைவூட்டுவது, இன்று நியமனம் பெறும் ஒரு பிள்ளையை 'அவர்கள் அன்று நின்றார்களே, நீ ஏன் போகின்றாய்' என்று குற்றஞ்சாட்டுவதற்காக அன்று. அன்று நின்றவர்களிற் பலருக்குப் போவதற்கு வழியே இருக்கவில்லை. வழியிருக்கும்போது போவது குற்றமாகாது. தியாகத்தைக் காட்டி ஊழியரை ஓரிடத்தில் நிறுத்த முனையும் நிருவாகம், தான் செய்ய வேண்டிய கடமையைச் செய்யாமலிருக்க அதனை ஒரு சாட்டாக்கிக் கொள்வதை நாம் கண்டிருக்கின்றோம்.

முஸ்லிம் குடும்பங்களில் இக்கேள்வி வேறு விதமாகவும் எழுகின்றது. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து 70,000 இற்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது முல்லைத்தீவு மாவட்டத்தின் முஸ்லிம் கிராமங்களும் வெறுமையாயின. நீராவிப்பிட்டிக்கும் ஹிஜ்ராபுரத்திற்கும் குடும்பங்கள் திரும்பி வந்த போதிலும், ஒரு தலைமுறை புத்தளத்திலேயே படித்து வளர்ந்து விட்டது. திரும்பி வந்த குடும்பத்தின் பிள்ளை உயர்தரத்தில் உயிரியல் படித்து, தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாமா என்று கேட்கும்போது, சீருடை, இரவுக் கடமை, ஆண் நோயாளர் என்ற மூன்றும் வாப்பாவின் முன்னாலும் உம்மாவின் முன்னாலும் வந்து நிற்கின்றன. இவற்றை அற்பமெனத் தள்ளிவிட முடியாது. சீருடை விடயத்தை விண்ணப்பிக்கும் முன்னரே பயிற்சிக் கல்லூரியில் நேரடியாக விசாரித்துத் தெளிவுபடுத்திக் கொள்வது, பின்னர் மனம் நொந்து இடைநடுவில் விலகுவதை விட நல்லது. அதேவேளை, நபி (ஸல்) அவர்களின் காலத்திலே ருபைதா அல்-அஸ்லமிய்யா என்ற பெண்மணி காயமுற்றோருக்குச் சிகிச்சையளித்ததும், அகழ்ப் போரில் காயமடைந்த ஸஅத் இப்னு முஆத் (ரழி) அவர்கள் பள்ளிவாசலில் அமைக்கப்பட்டிருந்த அவரது கூடாரத்திலேயே பராமரிக்கப்பட்டதும் மறக்கத்தக்கவை அல்ல. பிரசவ விடுதியிலே தன் மொழியும் தன் மார்க்கமும் அறிந்த ஒரு தாதி இருக்க வேண்டும் என்று விரும்பாத முஸ்லிம் தாய் இல்லை. அந்தத் தாதி யாருடைய வீட்டிலிருந்து வர வேண்டும் என்ற கேள்விக்கு விடை அவ்விருப்பத்திலேயே இருக்கின்றது.

தமிழ்க் குடும்பங்களும் இவ்விடயத்தில் மார்தட்டிக் கொள்ள இடமில்லை. மிஷன் வைத்தியசாலைகள் தாதியரைத் தேடிய காலத்தில், பிறருடைய மலசலத்தைத் தொடுகின்ற வேலைக்கு எங்கள் பிள்ளையா என்று கேட்டவர்கள் நம்முடைய பாட்டன்மாரே. இன்று அதே குடும்பங்கள் வெளிநாட்டுத் தாதி மாப்பிள்ளை, தாதிப் பெண் என்று விளம்பரம் செய்கின்றன.

வெளிநாடு என்றவுடன் அடுத்த விடயம் வருகின்றது. 2022 இன் பொருளாதார நெருக்கடியின் போது, அரச ஊழியர் 5 வருடங்கள் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்லலாம் என்றும், சேவை மூப்பும் ஓய்வூதியமும் பாதிக்கப்பட மாட்டா என்றும் அரசாங்கம் சுற்றறிக்கை வெளியிட்டது. 2025 வரவு செலவுத் திட்டத்தின் போது மேலதிக நேரக் கொடுப்பனவு கணக்கிடும் முறை மாற்றப்பட்டமைக்கு எதிராகத் தாதியர் சங்கங்கள் போராட்டத்தில் இறங்கின. உலக சுகாதார நிறுவனம் 2025 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2023 இல் உலகில் 2 கோடியே 98 இலட்சம் தாதியர் இருந்தனர். அப்படியிருந்தும் 58 இலட்சம் பேர் போதாமலிருந்தனர். செல்வந்த நாடுகள் முதுமையடைந்து வருவதனால் அங்கே கதவு திறந்தே இருக்கும்.

ஆனால் திறந்த கதவிலும் படிகள் உண்டு. உதாரணமாக, ஐக்கிய இராச்சியத்தில் பதிவு பெறுவதற்கு ஐ.ஈ.எல்.ரீ.எஸ். ஆங்கிலப் பரீட்சையில் வாசிப்பு, கேட்டல், பேச்சு ஆகியவற்றில் 7 புள்ளியும் எழுத்தில் 6.5 புள்ளியும் வேண்டும். அல்லது அதற்கு நிகரான வேறு பரீட்சையில் சித்தி வேண்டும். அதன் பின்னர் கணினி மூலமான அறிவுப் பரீட்சையும் செய்முறைப் பரீட்சையும் இருக்கின்றன. பயிற்சி முடிந்தவுடன் அவசரப்பட்டு முகவருக்குப் பணம் கட்டி, தாதி என்ற பெயரில் போய் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளராக வேலை செய்பவர்களும் உண்டு. பயிற்சிக்கு முன்னர் கையொப்பமிட்ட உடன்படிக்கையில் குறிப்பிட்ட சேவைக்காலத்தை முடிக்காமல் விலகினால் பணம் செலுத்த நேரிடும் என்பதையும் பலர் கடைசி நேரத்திலேயே நினைவு கூருகின்றனர்.

அப்படியானால் ஒரு பிள்ளை எவ்வாறு முடிவெடுப்பது? முதலில், எதை விட்டுப் போக விரும்புகின்றோம் என்பதைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். தொழிலையா, ஊரையா, அல்லது பொறுப்பாக இருக்கும் ஒருவரையா? இம்மூன்றும் மனத்தில் ஒன்றாகக் கலந்து, "எனக்கு இந்த வேலையே வேண்டாம்" என்ற ஒரே வாக்கியமாக வெளிவருகின்றன. சிஸ்டர் ஒருவரின் கடுஞ்சொல்லுக்காகத் தொழிலையே விட்டவர்கள் பின்னர் வருந்தியதுண்டு. மறுபக்கம், இரத்தத்தையும் மரணத்தையும் உண்மையாகவே தாங்க முடியாத ஒருவர், ஊர் மாறினால் சரியாகிவிடும் என்று எண்ணி இடமாற்றத்தில் இடமாற்றம் பெற்று அலைவதும் உண்டு. அவ்வாறானவர் பயிற்சியின் முதல் வருடத்திலேயே மதிப்புடன் விலகிக் கொள்வது அவருக்கும் நோயாளருக்கும் நல்லது. அதனை அவமானமாகக் கருதும் பெற்றோர் தம் எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது காலம். அமெரிக்கரான பற்றீசியா பென்னர் 1984 இல் எழுதிய நூலில், தாதி ஒருவர் புதியவர் நிலையிலிருந்து நிபுணர் நிலை வரை ஐந்து படிகளைக் கடப்பதாகக் காட்டினார். நடுப்படியான 'தகுதியுள்ளவர்' நிலைக்கு வர, ஒரே வகையான விடுதியில் 2 அல்லது 3 வருடங்கள் வேண்டும் என்பது அவர் கணிப்பு. அந்நிலை வரும்வரை எல்லா வேலையும் ஒரே அளவு அவசரமாகவே தோன்றும். எதை முதலில் செய்வது, எது பொறுக்கும் என்பது தெரியாது. களைப்பின் பெரும் பங்கு இதிலிருந்துதான் வருகின்றது. ஆகவே ஆறாவது மாதத்தில் எடுக்கின்ற முடிவு, மேட்டில் பாதி ஏறி நின்று இளைக்கும்போது எடுக்கின்ற முடிவு போன்றது.

இனி நிருவாகத்தின் பக்கம். மாங்குளத்தில் நிற்கச் சொல்வதானால் நிற்பதற்கு இடம் வேண்டும். இரவு 7 மணிக்குக் கடமை முடிகின்ற ஓர் இளம் பெண் தங்குவதற்குப் பாதுகாப்பான விடுதி அறையும், குடிக்கத்தக்க நீரும், வைத்தியசாலை வாசல் வரை வெளிச்சமும் தேவை. திருமணமானவருக்குக் குடும்ப விடுதியும், பிள்ளைக்கு ஒரு நல்ல ஆரம்பப் பாடசாலையும் தேவை. ஏ9 வீதியில் விபத்துக்குள்ளாகும் தென்பகுதிப் பயணிகளும் சாரதிகளும் இங்கே கொண்டுவரப்படக்கூடும் என்பதனால் அடிப்படைச் சிங்களப் பயிற்சி கடமை நேரத்திலேயே வழங்கப்பட வேண்டும். நோயாளரைத் தூக்கவும் திருப்பவும் வேண்டிய விடுதியில் ஆண் தாதியரும் போதிய சிற்றூழியரும் இல்லாவிட்டால், சில வருடங்களில் தாதியின் முதுகே நோயாளியின் முதுகாகி விடும். புதிதாக வருபவருக்கு முதல் வருடம் முழுவதும் துணைநிற்க அனுபவமுள்ள ஒருவரைப் பெயர் குறித்து ஒப்படைப்பதற்குப் பெரும் செலவு ஏதுமில்லை. கடமைப் பட்டியலைத் தயாரிப்பவர் மனம் வைத்தாற் போதும். கஷ்டப் பிரதேசத்தில் இத்தனை வருடம் சேவையாற்றினால் இன்ன மேற்படிப்பு, இன்ன இடமாற்ற முன்னுரிமை என்று எழுத்தில் இருந்து, அது தவறாமல் நிறைவேற்றப்படுமானால், நிற்பவர் தொகை கூடும். சிபாரிசுக் கடிதத்துடன் வந்தவர் முதலில் போய்விட, யாருமற்றவர் ஐந்தாவது வருடமும் காத்திருப்பதைக் காணும் புதியவர், முதல் வாரத்திலேயே சிபாரிசு தேடத் தொடங்குவதில் வியப்பில்லை.

இப்போது மாங்குளத்திலோ அதுபோன்ற இன்னொரு வைத்தியசாலையிலோ முதல் வருடத்தைக் கழித்துக் கொண்டிருக்கும் பிள்ளைக்கு ஒன்று சொல்லலாம். இடமாற்றப் படிவத்தை நிரப்பும் முன்னர், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்ட ஒருவரையாவது, தூக்குப் படுக்கையில் கொண்டுவரப்பட்ட நாளிலிருந்து சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு வாசலால் வெளியேறும் நாள் வரை தொடர்ந்து பார்த்திருங்கள். அதற்குச் சில மாதங்கள் செல்லும். அவர் போன பின்னரும் படிவம் மேசையில்தான் இருக்கும்.